வீட்டுக்குள் அடைபட்ட நோய்



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கான பொருளை நீங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று அமைப்பாளர்கள் எழுதியபோது எனக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. நரம்பியல் மருத்துவனாக நான் பார்த்துவந்த நோய்களில், நோயாளியைவிட அவர் வீட்டாரை அதிகம் நொறுக்கிப்போட்டது அல்சைமர் நோய்தான். பக்கவாதம் என்றால் வண்டி பிடித்து ஓடி வருகிறார்கள். வலிப்பு என்றாலும் அப்படியே. மறதிக்கு யாரும் ஓடி வருவதில்லை. 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்ற ஒரு வாக்கியத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பெரியவர் தெருவில் வழி தெரியாமல் எங்கோ போய்த் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அல்லது அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து வீடெல்லாம் கேஸ் நாற்றம் பரவிய பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள்.

அதுவரை அந்த நோய் உள்ளறைக் கட்டிலில் இருந்திருக்கிறது. அதை ஒரு மகளோ, மருமகளோ, மனைவியோ தனியாகச் சுமந்திருக்கிறார். வீட்டுக்குள் அடைபட்ட நோய் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராத நோய்க்கு அரசின் பணமும் ஆய்வாளரின் கவனமும் போவதில்லை. பராமரிப்பை வீட்டு வேலையாகவும் ஆய்வை ஆய்வகத்தின் வேலையாகவும் பிரித்து வைத்திருக்கும் வரை இந்த நிலை மாறாது என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

நோயின் வரலாறே இதற்குச் சான்று. 1901ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி, ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். கணவர் ரயில்வே எழுத்தர். வீட்டில் நன்றாகச் சமைத்துப் புழங்கிய பெண், சில மாதங்களாகக் கணவர்மேல் காரணமில்லாத சந்தேகம் கொண்டார், பொருள்களை எங்கெங்கோ ஒளித்துவைத்தார், சமையல் கைவிட்டுப்போயிற்று. அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவர் எதிரே உட்கார்ந்து பேசி, பேச்சை அப்படியே எழுதிவைத்தார். பெயர் கேட்டால் அகுஸ்டே என்கிறார். குடும்பப் பெயர் கேட்டாலும் அகுஸ்டே. கணவர் பெயர் கேட்டால், கொஞ்சம் தயங்கி, அதற்கும் அகுஸ்டே. மதிய உணவில் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் தின்றுகொண்டிருக்கும்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கீரை என்கிறார். தன் பெயரை எழுதச் சொன்னால் முடிக்க முடியவில்லை. தன்னையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதும் அந்தக் குறிப்பில் இருக்கிறது.

அல்சைமர் அதன் பிறகு மியூனிக் நகருக்குப் போய்விட்டார். ஆனாலும் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார். 1906 ஏப்ரலில் அகுஸ்டே இறந்ததும், அவருடைய நோய்க்குறிப்புகளும் மூளையும் மியூனிக்குக்கு வந்துசேர்ந்தன. வெள்ளிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளும் தெரிந்தன. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கனில் கூடிய மனநல மருத்துவர்களிடம் அல்சைமர் அதை எடுத்துச் சொன்னார். அவையில் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1910இல் மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் தம் பாடநூலில் இதை 'அல்சைமர் நோய்' என்று குறித்தார். அகுஸ்டேயின் கோப்பு காணாமலே போய், 1995இல்தான் பிராங்க்ஃபர்ட்டில் மீண்டும் கிடைத்தது.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டு எழுதியவரும் நுண்ணோக்கியில் மூளையைப் பார்த்தவரும் ஒரே மனிதர். படுக்கையருகே எழுதிய குறிப்பு இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு நடந்திருக்காது. பின்னால் வந்த நூறாண்டில் அந்த இரண்டு வேலைகளும் தனித்தனியே பிரிந்துபோயின. நம் நாட்டில் அவை ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

மாணவர்களுக்காக நோயின் போக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிமென்ஷியா என்பது பல நோய்களுக்கான பொதுப்பெயர். நினைவும் சிந்தனையும் அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்குச் சரிவதை அது குறிக்கும். அதில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர் நோயால் வருவது. வெளியே படிவது அமிலாய்டு என்ற புரதத் துண்டு. ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும் 1984இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். உள்ளே முறுக்கிக்கொள்வது டாவ் என்ற புரதம். முதல் அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி முதலில் அடிபடுவதால், பாட்டிக்குத் தன் கல்யாணத்தில் யார் யார் மொய் எழுதினார்கள் என்பது நினைவிருக்கிறது. காலையில் இட்லி சாப்பிட்டது நினைவில்லை. 'பழசெல்லாம் கரெக்டா சொல்றாங்களே டாக்டர், அப்புறம் எப்படி மறதி நோய்?' என்று கேட்கும் மகன்களுக்கு இதுதான் விடை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். மறதி என்று வரும் எல்லாருக்கும் அல்சைமர் என்று சீட்டு எழுதிவிடக் கூடாது. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மன அழுத்தம், தூக்க மாத்திரைகள், தலையில் லேசாக அடிபட்டு மூளை உறைக்குக் கீழே மெல்லக் கசிந்த ரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல. சர்க்கரைக்காக மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகளாக விழுங்குகிறவர்களுக்குப் பி12 குறையும். அப்படிப்பட்டவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இவற்றில் பலவற்றைக் கண்டறிய ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் போதும். அதைச் செய்யாமல் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவது, குணமாகக்கூடியவரையும் கட்டிலில் கிடத்துவதாகும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 2021 நிலவரப்படி உலகில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள். அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டோர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்கிறார்கள். ஆனால் ஆய்வு எங்கே நடந்தது? 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார்கள். டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில். அங்கே நடந்த மக்கள்தொகை ஆய்வோ 10 சதவீதத்துக்கும் கீழே. அந்த அநீதியின் இரண்டு எண்களையே பெயராக வைத்து '10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு' பிறந்தது. மார்ட்டின் பிரின்ஸ் அதை ஒருங்கிணைத்தார். இந்தியாவில் அவர்கள் தேர்ந்த களங்கள் இரண்டுமே தமிழ்நாட்டில்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்.

2008இல் லான்செட் இதழில் முடிவுகள் வந்தன. அமெரிக்க மனநலக் கையேட்டின் இலக்கணப்படி பார்த்தால், இந்தியக் கிராமக் களத்தில் முதியோரில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் டிமென்ஷியா. கியூபாவில் அதே இலக்கணப்படி 6.3 சதவீதம். வேலூர்க் கிராமத்தில் நோய் இல்லையா? குழு தானே வகுத்த அளவுகோலால் அளந்தது. அந்த அளவுகோல் கல்வியைச் சார்ந்ததல்ல. உறவினரிடமும் கேட்டு முடிவுசெய்வது. அதன்படி, அளந்த எந்த நாட்டின் எந்தக் களத்திலும் 5.6 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. நோய் அங்கேயேதான் இருந்தது. நம்மிடம் இருந்த கோல் அதைப் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதைக் களத்துக்குப் போனவர்கள் அறிவார்கள். நோய் இருப்பதாக முடிவுசெய்ய, அன்றாட வேலை கெட்டிருக்க வேண்டும் என்பது அந்த இலக்கணம். நம் கிராமத்து வீட்டில் எழுபது வயது அம்மாவை யாரும் வங்கிக்குப் போகச் சொல்வதில்லை, கணக்குப் பார்க்கச் சொல்வதில்லை. சோறு போட்டுக் கையில் தட்டைக் கொடுக்கிறார்கள், குளிக்க வெந்நீர் எடுத்துவைக்கிறார்கள். 'என்ன செய்ய முடியவில்லை?' என்று கேட்டால், 'எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க, நாங்க பாத்துக்கிறோம்' என்பதே பதில். நோயை மறைத்தது அன்பும் மரியாதையும்தான். பள்ளிக்கே போகாதவரிடம் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டச் சொல்லும் மேலைநாட்டு நினைவுச் சோதனை இன்னொரு பக்கம் தவறு செய்யும். நல்ல நினைவுள்ளவரையும் நோயாளியாக்கிவிடும். ஆய்வு நம் மண்ணில், நம் மொழியில் நடக்க வேண்டும் என்று நான் சொல்வது வெறும் பற்றினால் அல்ல என்பது இதில் விளங்கும்.

2023இல் வெளிவந்த தேசிய அளவிலான லாசி-டாட் ஆய்வு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு நடத்தப்பட்டது. அதன்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. ஆண்களில் 5.8 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. இந்தப் பிளவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெண்களுக்கும் கிராமத்தவருக்கும் அதிகம். படிப்பு மூளைக்கு ஒரு சேமிப்பைத் தருகிறது. அந்தச் சேமிப்பு இருந்தால், படிவுகள் இருந்தும் அறிகுறிகள் தள்ளிப்போகின்றன. ஐம்பதுகளில் 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு' என்று வீட்டிலேயே நிறுத்தப்பட்ட சிறுமிகள்தாம் இன்றைய பாட்டிகள். அன்று மறுக்கப்பட்ட பள்ளிக்கூடத்தின் விலையை இன்று அவர்களின் மூளை கொடுக்கிறது என்பதே என் கணிப்பு.

தமிழ்நாடு வேகமாக மூப்படையும் மாநிலம். 2021இல் நம் மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்பது அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகளோ ஒன்று அல்லது இரண்டு, அவர்களும் வேலைக்காக வேறு ஊரில், வேறு நாட்டில். பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கூடுகிறார்கள், பார்த்துக்கொள்ளும் கைகள் குறைகின்றன.

அந்தக் கைகளைப் பற்றிப் பேசாமல் இந்தச் சொற்பொழிவுக்குப் பொருளில்லை. ஒரு மருமகள் என்னிடம் வந்தார். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். மாமியாரை அழைத்துவந்திருந்தார். 'டாக்டர், அத்தை ராத்திரி பூரா தூங்கறதில்ல. வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு கதவை இடிக்கறாங்க. இதுதான் அத்தை உங்க வீடுன்னு சொன்னா, நீ யாருடி இதச் சொல்லங்கறாங்க. நாத்தனார் போன் பண்ணினா, இவ என் வளையலத் திருடிட்டா, சோறே போடறதில்லங்கறாங்க. நாத்தனாரும் நம்பிட்டாங்க' என்று சொல்லி அழுதார். அவருக்கு நான் முதலில் சொன்னது, திருட்டுப் பழி அத்தையின் குணம் அல்ல, நோயின் அறிகுறி என்பது. வளையலை வைத்த இடம் மூளையில் பதியவில்லை. பதியாத இடத்தை, யாரோ எடுத்திருப்பார்கள் என்ற எண்ணத்தால் மூளை நிரப்புகிறது. வாதாட வேண்டாம், 'வாங்க அத்தை, ரெண்டு பேரும் தேடுவோம்' என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். 'வீட்டுக்குப் போகணும்' என்பதற்கும் அப்படித்தான். அவர் தேடுவது பெரும்பாலும் தன் பிறந்த வீட்டை, பத்து வயதில் இருந்த வீட்டை. 'உங்க வீட்ல கிணறு இருந்துச்சா அத்தை?' என்று கேட்டால் பேச்சு திரும்பும், கதவு இடிப்பது நிற்கும். பகலில் வெயில் படும்படி நடக்கவையுங்கள், சாயங்காலம் விளக்கைச் சீக்கிரம் போடுங்கள், மதியத் தூக்கத்தைக் குறையுங்கள். நாத்தனாரை அடுத்த முறை கூடவே அழைத்துவாருங்கள். அவர் வந்தார். அன்று அந்தக் குடும்பத்துக்கு நடந்த பெரிய சிகிச்சை அதுதான். மாத்திரை அன்று எதையும் மாற்றவில்லை.

இதை மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குடும்பங்களிடம்தான் கற்றேன். எங்கள் துறையில் இன்னும் நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன்: இரவில் கத்துகிறார் என்றால் மனநோய்க்கான வலுவான மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்புவது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே கடுமையாக எச்சரித்தது. வேறு வழியில்லாதபோது, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத்தான் அவை. வழக்கமாக்கக் கூடாது.

பராமரிப்பில் ஆய்வு நடத்தலாமா, அதற்கு என்ன ஆய்வு என்று கேட்பவர்களுக்குக் கோவாவைக் காட்டுவேன். அமித் டயஸும் விக்ரம் பட்டேலும் மற்றவர்களும் அங்கே 81 குடும்பங்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து ஓர் ஆய்வு நடத்தி 2008இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு, குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு மாதம் வீடு தேடிப் போனார்கள். நோய் என்னவென்று விளக்கினார்கள், நடத்தைகளைச் சமாளிக்கச் சொல்லித்தந்தார்கள், அரசு உதவிகளுக்கு வழிகாட்டினார்கள். தேவைப்பட்டால் பின்னால் ஒரு மனநல மருத்துவர் இருந்தார். பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. விலையுயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. புதிய மருந்துக்குக் கிடைக்கும் தலைப்புச் செய்தி இந்த ஆய்வுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

உலக அளவில் 2019இல் டிமென்ஷியாவுக்கு ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அதில் பாதி, குடும்பத்தார் சம்பளமில்லாமல் செய்த பராமரிப்பின் மதிப்பு. அந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. வேலையை விட்டவர், மேற்படிப்பை நிறுத்தியவர், தன் முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்காதவர் என்று அந்தச் சதவீதத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரையும் நாம் அறிவோம். நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மருந்துகளைப் பற்றி எல்லாரும் கேட்பீர்கள். டோனெபெசில் 1996இல் வந்தது. ரிவாஸ்டிக்மின், கலன்டமின், மெமன்டின் தொடர்ந்தன. இவை அறிகுறிகளைச் சிறிது காலத்துக்குத் தணிப்பவை. நோயின் போக்கை நிறுத்துபவை அல்ல. பிறகு இருபது ஆண்டு வறட்சி. 2023இல் லெக்கனெமாப், 2024இல் டொனனெமாப் என்று அமிலாய்டை அகற்றும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. லெக்கனெமாப் ஆய்வில் ஆரம்பநிலை நோயாளிகள் 1,795 பேர் சேர்ந்தார்கள். பதினெட்டு மாத முடிவில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.45 புள்ளி. அந்த ஆய்வில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தநாளம் வழியே ஏற்றினார்கள்; மூளை வீக்கமும் கசிவும் வருகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் அறிவித்த விலை ஆண்டுக்கு 26,500 டாலர். அறிவியலாக இது பெரிய படி; நோயின் போக்கையே தொட முடியும் என்று முதன்முறையாகக் காட்டியது. ஆனால் ஏற்கெனவே முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படும் நம் நோயாளிகளுக்கு இது பொருந்தாது. ரத்தத்தில் டாவ் புரதத்தை அளக்கும் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முதுகுத்தண்டு நீரோ, விலையுயர்ந்த பெட் ஸ்கேனோ இல்லாமல் நோயறிய அது வழிகாட்டுவதால், நம் நாட்டுக்கு மருந்தைவிட இந்தச் சோதனைதான் முதலில் பயன்படும் என்று நினைக்கிறேன்.

தடுப்பதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. 2024இல் லான்செட் ஆணையம் பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றை முழுதும் சரிசெய்ய முடிந்தால் உலகின் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்றது. அதில் பெரும்பங்கு எதற்குத் தெரியுமா? நடுவயதில் காது கேட்காமல் போவதற்கும் கெட்ட கொழுப்புக்கும், தலா 7 சதவீதம். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, தனிமை, தலைக்காயம், காற்று மாசு, பார்வைக் குறைவு எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. கண்ணுக்குப் புரை என்றால் அறுவை செய்துகொள்ள நம் மக்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். காதுக்கு மெஷின் வைக்க மட்டும் இன்னும் கூச்சப்படுகிறார்கள். கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், ஒதுங்கியவரின் மூளைக்கு வேலை குறைகிறது. ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டும் மகனுக்கும் இந்தப் பட்டியல் பொருந்தும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு வாய்ப்பு கையிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் போகும் அதே வீட்டின் உள்ளறையில்தான் நம் நோயாளி படுத்திருக்கிறார். அந்தப் பெண்களுக்கு நான்கைந்து கேள்விகள் சொல்லிக்கொடுங்கள்: ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? தெரிந்த தெருவில் வழி தவறுகிறாரா? செய்துவந்த வேலையைக் கைவிட்டாரா? அவரைப் பார்த்துக்கொள்வது யார், அப்படிப் பார்த்துக்கொள்பவருக்குத் தூக்கம் உண்டா? கடைசிக் கேள்வியை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. சேர்க்க வேண்டும். வேலூரில் அளவுகோல் தவறவிட்டவர்களையும், கோவாவில் வீடு தேடிப் போய் உதவியதையும் இந்த ஒரு திட்டத்துக்குள் இணைத்துவிடலாம். பராமரிப்பும் ஆய்வும் சந்திக்கும் இடம் இதுவே.

நம் மண்ணின் ஆய்வுகள் உலகுக்கே சொல்லித்தந்ததும் உண்டு. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை அப்படிப்பட்டது. இரண்டு மொழி பேசுவோருக்கு, ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட நான்கரை ஆண்டு தாமதமாக டிமென்ஷியா தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. பல மொழிகள் புழங்கும் சந்தையும் தெருவும் உள்ள நாட்டில்தான் இப்படியொரு கேள்வியைத் தெளிவாகக் கேட்க முடியும். பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரத்தின் கிராமங்களில் பத்தாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வைக் கையில் எடுத்திருக்கிறது. மரபணுவோ, உணவோ, வாழ்க்கையோ ஐரோப்பியருடையதைப் போல இல்லாத மக்களிடம் நோய் எப்படி வளர்கிறது என்பதை இப்படித்தான் அறிய முடியும்.

இன்னொன்றும் தேவை, அதைக் கேட்பது எளிதல்ல. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் நடத்திய கன்னியர் ஆய்வில் 678 அருட்சகோதரிகள் ஆண்டுதோறும் நினைவுச் சோதனைக்கு உட்பட்டதோடு, இறந்த பின் தம் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கவும் உயிரோடிருக்கும்போதே ஒப்புக்கொண்டார்கள். மூளை நிறையப் படிவுகள் இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் உண்டு என்பது அவர்கள் தந்த மூளைகளால்தான் தெரிந்தது. பெங்களூர் நிமான்ஸில் 1995இலிருந்து மூளைத் திசு வங்கி இருக்கிறது. கண் தானத்திலும் உறுப்பு தானத்திலும் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. மூளை தானம் என்ற பேச்சே நம்மிடம் இல்லை. இறந்த சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய காரியம் அது, துக்க வீட்டில் புதிதாகப் பேசி முடிவெடுக்க முடியாது. முன்பே பேசிவைக்க வேண்டும். இறந்தவரின் முகம் கெடாமல் எடுக்க முடியும் என்பதையும் குடும்பத்தாருக்கு இங்கேயே உறுதியாகச் சொல்கிறேன்.

அரசுகளும் அமைப்புகளும் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1992இல் கேரளத்தில் மருத்துவர் ஜேக்கப் ராய், தம் தந்தைக்கு வந்த நோயின் அனுபவத்திலிருந்து இந்திய அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். கேரள அரசு 'ஸ்மிருதிபதம்' என்ற பெயரில் பகல்நேரப் பராமரிப்பு இல்லங்களைத் தொடங்கியது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியோர் மருத்துவத்தை இந்தியாவில் தனித்துறையாக நிறுவப் பாடுபட்ட மருத்துவர் வி. எஸ். நடராசன் போன்றோரின் நீண்ட உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில், காலையில் விட்டு மாலையில் அழைத்துவர ஒரு பகல்நேர இல்லம் இன்று கிடையாது. ஜப்பானில் 2000 ஏப்ரல் முதல், நாற்பது வயதான ஒவ்வொருவரும் முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்குத் தவணை கட்டுகிறார்கள். வீட்டுக்கு உதவியாளர் வருவதும் பகல்நேர இல்லமும் அதிலிருந்து கிடைக்கின்றன. நம் காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனைப் படுக்கைக்குத்தான் பணம் தருகின்றன. அல்சைமர் நோயாளிக்குத் தேவை படுக்கை அல்ல, வீட்டுக்கு வந்து நாள்தோறும் சில மணி நேரம் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் ஒரு பயிற்சி பெற்ற ஆள். அதற்குக் காப்பீடு தர மறுக்கும் திட்டம் இந்த நோயைப் புரிந்துகொண்ட திட்டம் ஆகாது.

நோய் முற்றிக் கையெழுத்து மாறிப்போனதால் ஓய்வூதியம் வாங்கத் தவிப்பவர்களின் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். அதனால் நோய் ஆரம்பநிலையில், தெளிவு இருக்கும்போதே உயில், வங்கிக் கணக்கில் இணைக் கணக்குதாரர் பெயர், சிகிச்சை பற்றிய விருப்பம் ஆகியவற்றைப் பேசி எழுதிவிடுங்கள். அப்பாவிடம் இதை எப்படிப் பேசுவது என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். அப்பா தெளிவாக இருக்கும்போது பேசுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. பிறகு அவருக்காக மற்றவர்கள் முடிவெடுப்பார்கள்.

மாணவர்களே, உங்களில் செவிலியர் பயிற்சிக்கும் சமூகப் பணிக்கும் உளவியலுக்கும் போகிறவர்கள் இருப்பீர்கள். முதியோர் துறை ஒளி குறைந்தது என்று உங்களிடம் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். அடுத்த முப்பது ஆண்டு இந்த மாநிலத்துக்கு உங்களைப் போன்ற கைகள்தாம் வேண்டும். ஆய்வுக்குப் போகிறவர்கள், நினைவுச் சோதனைகளைத் தமிழில், எழுத்தறியாதவருக்கும் பொருந்தும்படி செம்மைப்படுத்தும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் கட்டப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் உறவிலோ தெருவிலோ மறதி நோயோடு ஒரு பெரியவரும், அவரைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண்ணும் இருப்பார்கள். போனில் நலம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், வாரத்தில் ஒரு பிற்பகல் நேரில் போய் அந்தப் பெரியவரோடு நீங்கள் உட்காருங்கள். அந்தப் பெண் வெளியே போய்வரட்டும், அல்லது தூங்கட்டும். அடுத்த வாரமும் போங்கள்.